இரண்டாவது குழந்தை வந்த வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கும் நடுவளுக்கும் இரண்டேகால் வயது வித்தியாசம், நடுவளுக்கும் கடைக்குட்டிக்கும் நாலரை. இந்த ஒரே தகுதியை நம்பி, இரண்டாவது பிறக்கப் போகிறது என்று தெரிந்ததும் தோழிகள், தோழிகளின் தங்கைகள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று ஒவ்வொருவராக எனக்கு ஃபோன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. சொன்னதையே சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, என் பதிலை எழுதி வைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. மருத்துவம் வரும் இடங்களில் குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதை மட்டும் எழுதியிருக்கிறேன். உங்கள் குழந்தையைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

"பெரியவனுக்கு ரெண்டரை வயசு. பாப்பா வரப்போறதை எப்போ சொல்லலாம்?"

வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு சொன்னால் போதும். அந்த வயதில் மாதக்கணக்கெல்லாம் புரியாது. மூன்றாம் மாதமே சொல்லிவிட்டு, மீதி ஆறு மாதமும் தினம் காலையில் "வந்துடுச்சா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். "உன் பிறந்தநாள் முடிஞ்சு கொஞ்ச நாள்ல" என்பது போல அவனுக்குத் தெரிந்த ஒன்றோடு முடிச்சுப்போட்டுச் சொல்லுங்கள். ஆனால் பெரியவர்கள் அவன் எதிரிலேயே இதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் முந்திக்கொண்டு நீங்களே சொல்லிவிடுவது நல்லது. விஷயம் புரியாவிட்டாலும், தன்னிடம் ஏதோ மறைக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

"உன்கூட விளையாட ஒரு பாப்பா வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வந்த பாப்பா விளையாடாது. அழும், தூங்கும், பால் குடிக்கும், அவ்வளவுதான். அதையே சொல்லுங்கள். இன்னொன்று, கட்டில் மாற்றுவது, டயப்பரை நிறுத்துவது, புது இடத்தில் விடுவது மாதிரி மாற்றங்கள் இருந்தால் பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் பிறந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும்.

"பிரசவத்துக்குப் போறப்போ பெரியவளை என்ன பண்றது? பாப்பாவை முதல்ல எப்படிக் காட்டணும்?"

இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிடச் சீக்கிரம் முடியும். முதல் முறை பதினைந்து மணி நேரம் வலியோடு இருந்தோமே என்ற கணக்கில் சாவகாசமாக இருக்காதீர்கள். அவளைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும், அவர் வர முடியாவிட்டால் வர இன்னொருவரையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். நீங்கள் இல்லாமல் ஓர் இரவு அவரோடு தூங்கிப் பழகியிருந்தால் இன்னும் நல்லது. கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள். விழித்துப் பார்த்து அம்மா இல்லை என்று தெரிவதைவிட அரைத்தூக்கத்தில் ஐந்து நிமிடம் அழுவது தேவலை.

முதல்முறை அவள் உள்ளே வரும்போது உங்கள் கை காலியாக இருக்கட்டும். பாப்பா பக்கத்தில் படுத்திருக்கட்டும். முதலில் பெரியவளைக் கட்டிக்கொள்ளுங்கள், அப்புறம் இருவரும் சேர்ந்து பாப்பாவைப் பார்க்கலாம். "பாப்பா உனக்கு வாங்கிட்டு வந்தது" என்று பரிசு கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. மூத்தவனிடம் அது பலித்தது. நடுவள் பொம்மையை வாங்கிக்கொண்டு, "பாப்பாவுக்குக் கடை எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றாள். நாலரை வயதுக்கு இந்த வித்தை செல்லாது.

"எல்லாம் மறந்துபோச்சு. பச்சைக்குழந்தைக்கு என்னென்ன, சுருக்கமா சொல்லுங்களேன்."

எல்லாருக்கும் மறக்கும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. முதல் சில நாளில் எடை குறையும், பத்து சதவீதம் வரைகூடப் போகலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறது என்றால் பால் போதுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் வரை பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீர்கூட. ஒரு வயது முடியும்வரை தேனைத் தொட்டு வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து, உடம்பையே துவளச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

தினமும் குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். மற்ற நாளில் முகம், கழுத்து மடிப்பு, அடிப்பக்கம் துடைத்துவிட்டால் சரி. ஒரு குழந்தையோடு இருந்தபோது இது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இரண்டு வந்த பிறகு இந்த அனுமதி பொக்கிஷமாகத் தெரிந்தது.

"பால் கொடுக்க உட்கார்ந்தா போதும், பெரியவன் ஆரம்பிச்சிடறான். வேணும்னே பண்றானா?"

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. ஆமாம், வேண்டுமென்றேதான் செய்கிறான். ஆனால் வம்புக்காக இல்லை.

மூத்தவன் தன் தண்ணீர் பாட்டில் மூடியைத் தானே திருகித் திறக்கக் கற்றுக்கொண்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாப்பா வந்த இரண்டாவது வாரம் அதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். "நீயே திறப்பியே கண்ணா" என்றேன். "வரலை" என்றான். அன்றைக்கே ஷூ மாட்டிவிடச் சொன்னான், பொம்மைப் பெட்டியைத் தூக்கித் தரச் சொன்னான், சட்டையை மாற்றிவிடச் சொன்னான். நாலைந்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவன் கேட்டது எல்லாமே இரண்டு கையும் வேண்டிய வேலைகள். ஒரு கையில் பாப்பா இருக்கும்வரை செய்ய முடியாத வேலைகளாகப் பார்த்துக் கேட்டிருக்கிறான். அவன் சண்டை பாப்பாவோடு இல்லை, என் நிறைந்த கையோடு. இந்தப் பக்கத்தில் இனி வரும் பாதிப் பதில்களுக்கு அடிப்படை இதுதான்.

நான் செய்தது இவ்வளவுதான். பால் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தேன். கிரேயான், ஒட்டும் படங்கள், இரண்டு புத்தகம், கொஞ்சம் சாமான். பால் நேரத்தில் மட்டுமே அது திறக்கும், மற்ற நேரம் மேலே போய்விடும். உட்காருவதற்கு முன் தண்ணீர், கழிப்பறை இரண்டையும் முடித்துவிடுவேன். அவன் என் காலி கைப் பக்கம் ஒட்டி உட்காருவான், புத்தகத்தின் பக்கத்தை அவன்தான் புரட்ட வேண்டும். அப்புறம், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பாப்பாவை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு இரண்டு கையையும் அவனுக்கே கொடுத்தேன். என்ன விளையாட்டு என்பதை அவன் சொல்லுவான். ஃபோன் வேறு அறையில் இருக்கும். எல்லா நாளும் முடிந்தது என்று சொல்லமாட்டேன். முடிந்த நாட்களில் சாயங்காலம் அமைதியாக இருந்தது.

"கழிப்பறைக்குத் தானே போயிட்டிருந்தவ, இப்போ நனைச்சுக்கறா. பாட்டில் வேற கேக்கறா."

ஏக்கம். பாப்பாவாக இருந்தால்தான் மடி கிடைக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அவள் கணக்கு தப்பு என்றும் சொல்ல முடியாது. திட்டவோ "பெரிய பொண்ணாச்சே, வெக்கமா இல்லை?" என்று கேட்கவோ வேண்டாம். நனைந்ததை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். பாட்டில் கேட்டால் கொடுங்கள். பெரும்பாலும் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு வைத்துவிடுவார்கள். மடியில் படுக்கவைத்துப் பாப்பா மாதிரி ஆட்டச் சொன்னால் ஆட்டுங்கள். இப்படி விளையாட்டாகக் கிடைத்துவிட்டால் நிஜமாகக் கேட்பது குறையும்.

சில வாரம், சில சமயம் இரண்டு மூன்று மாதம் நீடிக்கும். சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், அளவுக்கு மீறிய தாகம் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அதை ஏக்கத்தின் கணக்கில் எழுதாமல் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் பாப்பாவைக் காரணம் சொல்லி ஒரு சிறுநீர்த் தொற்றை நான் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

"ரெண்டு வயசுக்காரன் பாப்பாவைக் கிள்றான். ரெண்டு போட்டாத்தான் புரியுமா?"

அடிப்பது தப்பு என்று அடித்துச் சொன்னால் அவனுக்கு எது புரியும் என்று நினைக்கிறீர்கள்? கையைப் பிடியுங்கள். "வலிக்கும். கிள்ள விடமாட்டேன்." அவ்வளவு போதும். பாப்பாவைத் தூக்கிச் சமாதானம் செய்யுங்கள். நீண்ட பிரசங்கம் வேண்டாம், அதுவும் ஒரு கவனிப்புதான். கிள்ளினால் அம்மா முழுசாகக் கிடைக்கிறாள் என்று பழகிவிடும். பல நேரம் அதில் கோபமே இருக்காது. அழுத்தினால் சத்தம் வருகிற புதுப் பொருள், அவ்வளவுதான் அவனுக்கு.

செய்யக் கூடாததைச் சொல்லும்போதே செய்யக் கூடியதையும் காட்டுங்கள். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அவன் முகத்தை அந்த அளவுக்குக் கிட்டே கொண்டுபோகச் சொல்லுங்கள். பாப்பா அவனையே பார்க்கும். "உன்னைத்தான் பாக்கறா" என்று சொன்னபோது என் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். பாதத்தைத் தொடுவது அவன் வேலை, முகத்துக்கும் கைக்கும் போகக் கூடாது. உச்சிக்குழியை மெதுவாகத் தடவிவிட்டால் பயப்படாதீர்கள், அதன் மேல் உறுதியான சவ்வு இருக்கிறது. அழுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

1970களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 40 குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். பாப்பாவை ஒரு ஆளாக வைத்து, "ஏன் அழறா? பசிக்குதோ? வெளிச்சம் பிடிக்கலையோ?" என்று பெரிய குழந்தையிடமே கேட்டுப் பேசிய வீடுகளில், பின்னாளில் இரண்டும் ஒன்றுக்கொன்று பிரியமாக இருந்தன. "பாப்பா மேல பாசமா இரு" என்று கட்டளை போடுவதைவிட இது எளிது. எனக்கு இது நடுவளிடம் பலித்தது. மூத்தவன் காலத்தில் எனக்கு இது தெரியாது.

"ஒரே நிமிஷம்தான். ரெண்டையும் விட்டுட்டு உள்ள போயிட்டு வரலாமா?"

கூடாது. பெரியவன் தங்கமான பிள்ளையாக இருந்தாலும் கூடாது. உண்மையில் கோபத்தைவிடப் பாசம்தான் எனக்குப் பயம். கடைக்குட்டிக்கு மூன்று வாரம் ஆனபோது ஈரத்துணி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நடுவள் போர்வையைப் பாப்பாவின் உச்சந்தலை வரை இழுத்துவிட்டு, ஓரங்களை எல்லாம் அழகாகச் செருகிக்கொண்டிருந்தாள். "குளிருதாம்மா, அதான்" என்றாள். வாயில் எதையாவது ஊட்டிவிடுவது, தூக்க முயல்வது எல்லாம் இந்த வகைதான். ஒன்றைக் கையோடு கூட்டிப் போங்கள், அல்லது பாப்பாவைத் தொட்டிலில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.

"பெரியவனுக்குச் சளி. பாப்பா கிட்ட விடாம எப்படிப் பிரிச்சு வைக்கிறது?"

முழுசாகப் பிரிக்க முடியாது, முயன்றால் முந்தைய கேள்விகளில் சொன்ன ஏக்கம் இரட்டிப்பாகும். வெளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, முகத்தில் முத்தம் கொடுக்காமல் பாதத்தில் கொடுப்பது, முழங்கையில் தும்முவது, இந்த மூன்றையும் பிடித்தால் பாதி வெற்றி. பெரியவனின் தடுப்பூசிகள் பாக்கி இல்லாமல் இருக்கட்டும். குறிப்பாகக் கக்குவான் இருமல். பாப்பாவுக்கு அதன் முதல் ஊசியே ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் போடுவார்கள், அதுவரை சுற்றி இருப்பவர்கள்தான் அரண். இப்போது கர்ப்பமாக இருப்பவர்கள், தங்களுக்கே போட்டுக்கொள்ளும் கக்குவான் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது பிறக்கப்போகும் குழந்தையையும் காக்கும். உங்களுக்கே சளி வந்தால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடல்சூடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் போனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூச்சு வாங்கும்போது விலா உள்ளே இழுத்தாலோ, வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காவிட்டாலோ, எழுப்பியும் துவண்டு கிடந்தாலோ அதே விதிதான்.

"ராத்திரி நாலு பேரும் ஒரே படுக்கையில படுத்துக்கலாமா? பெரியவ தனியா தூங்க மாட்டேங்கறா."

பெரியவள் உங்களோடு படுக்கட்டும். பாப்பாவுக்குத் தனிப் படுக்கை வேண்டும், அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில். தட்டையான, அமுங்காத மெத்தை. தலையணை, கனமான போர்வை, பஞ்சுப் பொம்மை எதுவும் வேண்டாம். எப்போதும் மல்லாக்கப் படுக்கவையுங்கள். அமெரிக்காவில் 1994-இல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பிரசாரம் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தூங்கும் குழந்தை உருளும், கை காலை வீசும், தன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற நினைவே இருக்காது. அதனால் ஒரு வயதுவரை பாப்பாவை இன்னொரு குழந்தையின் பக்கத்தில் படுக்கவைக்கக் கூடாது.

சோபாவில் பாப்பாவோடு கண்ணயர்வது படுக்கையைவிட ஆபத்து. இரவில் பால் கொடுக்கும்போது தூக்கம் சொக்கினால் எழுந்துவிடுங்கள், அல்லது பக்கத்திலிருப்பவரை எழுப்புங்கள். பாப்பா அழுதால் பெரியவள் விழித்துக்கொள்வாளே என்ற கவலை முதல் வாரம் மட்டும்தான். அப்புறம் அவள் அசையவே மாட்டாள்.

"ரெண்டும் ஒரே நேரத்துல அழுதா யாரை முதல்ல தூக்கறது?"

அடிபட்டதையும் மூச்சு திணறுவதையும் முதலில். அப்படி எதுவும் இல்லையென்றால் நான் பெரும்பாலும் பெரியதைத்தான் முதலில் தூக்குவேன். இதைக் கேட்டுப் பலர் முகம் சுளித்திருக்கிறார்கள். பத்திரமான இடத்தில் கிடக்கும் பாப்பா இரண்டு நிமிடம் அழுவதால் ஒன்றும் ஆகிவிடாது. யார் முதலில் தூக்கப்பட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. பெரியதுக்கு நன்றாகத் தெரியும்.

தூக்கும்போது சத்தமாகச் சொல்லுவேன்: "பாப்பா, கொஞ்சம் இரு. இப்போ அண்ணனுக்கு நான் வேணும்." பாப்பாவுக்காக இல்லை. "கொஞ்சம் இரு, பாப்பா அழறா" என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்கிற காதுக்கு, அதே வாக்கியம் ஒரு முறையாவது எதிர்த் திசையில் போக வேண்டாமா?

"பெரியவளுக்கு இன்னும் தாய்ப்பால் கொடுக்கறேன். நிறுத்தணுமா?"

கட்டாயம் இல்லை. இருவருக்கும் சேர்த்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். முதல் சில நாள் மட்டும் பாப்பா குடித்த பிறகே பெரியவளுக்கு, ஏனென்றால் சீம்பால் கொஞ்சம்தான் வரும். நிறுத்த விரும்பினால் பிரசவத்துக்குச் சில மாதம் முன்பே மெதுவாக நிறுத்துங்கள். பாப்பா வந்த வாரத்தில் நிறுத்தாதீர்கள். பெரியவள் குடிக்கும்போது மட்டும் உடம்பு கூசுகிறது, தள்ளிவிடத் தோன்றுகிறது என்று பலர் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார்கள். அது சகஜம்தான். "பத்து எண்ணுறவரைக்கும்" என்று அளவு வைக்கலாம்.

"பால் கொடுக்கற நேரமெல்லாம் கையில ஃபோனைக் கொடுத்துடறேன். தப்புதானே?"

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அது இலக்கு. பெரியவனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, பாப்பா வந்து முதல் ஆறு வாரம்தான் என்றால் நான் கணக்குப் பார்க்கமாட்டேன். ஆனால் எட்டு வேளைப் பாலுக்கும் எட்டு முறை ஃபோன் என்று பழகிவிட்டால் திரும்ப வாங்குவது பெரும் பாடு. ஒரு நாளில் எந்த வேளை மோசமோ அந்த ஒரு வேளைக்கு மட்டும் வையுங்கள். மற்ற வேளைக்கு மேலே சொன்ன பெட்டி.

"பெரியவனை அப்பா பாத்துக்கட்டும், பாப்பாவை நான் பாத்துக்கறேன்னு பிரிச்சுக்கிட்டோம். சரிதானே?"

கேட்க நன்றாக இருக்கும் ஏற்பாடு. இதனால் பெரியவனுக்கு அப்பா கிடைத்தார் என்பது உண்மை, அம்மா மொத்தமாகப் போனாள் என்பதும் உண்மை. மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுப்பதைத் தவிர எல்லாமே அப்பாவால் முடியும். ஏப்பம் விடவைப்பது, டயப்பர் மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது, தூங்கவைப்பது. பால் முடிந்த கணமே பாப்பா அப்பாவிடம் போனால் அடுத்த அரை மணி நேரம் உங்கள் இரண்டு கையும் பெரியவனுக்கு.

"உதவி பண்றேன்" என்று சொல்லும் அப்பாக்களிடம் எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. அதை இங்கே ஆரம்பித்தால் பக்கம் போதாது.

"பாக்க வர்றவங்க எல்லாரும் பெரியவகிட்ட, 'இனிமே உன்னை யாரும் கொஞ்ச மாட்டாங்க'ன்னு சீண்டறாங்க."

நிறுத்தச் சொல்லுங்கள், அவள் காதுபடவே. "இல்லை, இவளை எப்பவும் கொஞ்சுவோம்" என்று நீங்கள் உடனே சொல்வதுதான் முக்கியம். பெரியவர்கள் மனம் கோணினால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். வருபவர்களிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் இன்னும் சுலபம்: முதலில் பெரியவளிடம் பேசுங்கள், பாப்பாவை அவளே கூட்டிப்போய்க் காட்டுவாள்.

"சிசேரியன். பெரியவன் தூக்கு தூக்குன்னு அழறான்."

பொதுவாகச் சொல்வது, பாப்பாவைவிடக் கனமான எதையும் சில வாரங்களுக்குத் தூக்க வேண்டாம் என்பது. பெரும்பாலும் ஆறு வாரம்வரை. உங்களுக்கு எத்தனை என்று டாக்டரிடம் கேளுங்கள். தூக்க முடியாது என்பதற்காக மடி இல்லை என்று ஆகாது. நீங்கள் உட்கார்ந்த பிறகு அவனே ஏறி வரட்டும். வயிற்றின் மேல் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள், உதைத்தால் தையலில் படாது. "பாப்பாவால அம்மாவுக்கு வலி" என்று மட்டும் காரணம் சொல்லாதீர்கள். "வயித்துல புண் இருக்கு, ஆறிட்டிருக்கு" போதும்.

"சொல்லவே கூச்சமா இருக்கு. பெரியவளைப் பாத்தாலே எரிச்சல் வருது. முன்ன மாதிரி இல்லை."

இதை ஃபோனில் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் தெரியுமா? மூன்று கிலோ குழந்தையைத் தூக்கிய கையால் பெரியவளைத் தொட்டால் அவள் திடீரென்று பூதம்போல் வளர்ந்துவிட்டதாகத் தெரியும். குரல் உரத்துக் கேட்கும், கை முரட்டுத்தனமாகத் தெரியும். தூக்கமும் இல்லை. எனக்கும் வந்தது, மெல்லப் போனது. தலைகீழாக, பாப்பாவிடம் ஒட்டுதல் வர நாளாகிறது என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் அப்படியே.

ஆனால் ஒரு கோடு இருக்கிறது. பிரசவமான இரண்டு மூன்று நாளில் வரும் காரணமில்லாத அழுகை பெரும்பாலான தாய்மார்களுக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் அழுகை, எதிலும் பிடிப்பின்மை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை, ஓயாத பயம் என்று தொடர்ந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவமானவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வருகிறது, அப்பாக்களுக்கும் வருவதுண்டு. மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கின்றன, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று எண்ணம் வந்தால், இல்லாத குரலோ உருவமோ தெரிந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவர் வரட்டும்.

"சாயங்காலம் ஆனா பாப்பா மூணு மணி நேரம் அழறா. பெரியவன் காதைப் பொத்திக்கிட்டு கத்தறான். எனக்குத் தலை வெடிக்குது."

அழுகை ஆறு வாரம் அளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தணியும். பசி, ஈரம், சூடு, காய்ச்சல் எல்லாம் பார்த்தும் நிற்கவில்லையென்றால் அது உங்கள் குறை இல்லை. கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்தால் பாப்பாவைத் தொட்டிலில் மல்லாக்கப் போட்டு, கதவைச் சாத்தி, பெரியவனையும் கூட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். எந்த நிலையிலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது. சில நொடி குலுக்கினாலே மூளையில் ரத்தக் கசிவு ஏற்படலாம். வீட்டில் பாப்பாவைத் தூக்கும் எல்லாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

"'உனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும், என்னையா பாப்பாவையா'ன்னு கேக்கறா. என்ன சொல்றது?"

"ரெண்டு பேரையும் ஒரே மாதிரி" என்று சொன்னால் நம்பமாட்டாள். அவள் கண் முன்னால் நடப்பது ஒரே மாதிரி இல்லையே. அவளைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். அவள் எப்படிச் சிரிப்பாள், நேற்று என்ன கேட்டாள், அவள் பிறந்த அன்று என்ன நடந்தது. அவளுடைய பாப்பாக்காலத்துப் படங்களை எடுத்துக் காட்டுங்கள், அவளையும் இப்படித்தான் ராத்திரி முழுக்கத் தூக்கி நடந்தோம் என்று. நடுவள் இந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூத்தவன் "என்னைத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்கு மேல் அன்று பேச முடியவில்லை.

"எப்போதான் ரெண்டும் சேர்ந்து விளையாடும்?"

நாலாம் மாதம்வாக்கில் பாப்பா பெரியவனைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பிக்கும். உங்களுக்குக் கிடைக்காத சிரிப்பு அவனுக்குக் கிடைக்கும். அப்பாடா, முடிந்தது என்று நினைப்பீர்கள். எட்டு ஒன்பது மாதத்தில் பாப்பா தவழ ஆரம்பித்ததும் இரண்டாவது ரகளை தொடங்கும். இந்த முறை பெரியவன் பக்கம் நிஜமாகவே நியாயம் இருக்கும். அவன் அரை மணி நேரம் அடுக்கியதைப் பாப்பா ஒரே தட்டில் சாய்த்துவிடும். "சின்னப் பாப்பாதானே, விட்டுக்கொடு" என்று ஒவ்வொரு முறையும் சொன்னீர்களானால் இத்தனை மாதம் பட்ட பாடு வீண்.

பெரியவனின் சாமான்களில் சின்னச் சின்ன உருப்படிகள் இருக்கும். டிஷ்யூ பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக் குழாய்க்குள் எது நுழைகிறதோ அது பாப்பாவின் தொண்டையிலும் அடைக்கும். பட்டன் போன்ற வட்ட பேட்டரி போட்ட பொம்மைகளை எடுத்தே வைத்துவிடுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். இதற்கெல்லாம் சேர்த்து நான் கண்ட ஒரே வழி, தவழும் குழந்தைக்கு என்று விற்கும் மடக்குத் தடுப்பை வாங்கி, பாப்பாவை வெளியே விட்டுவிட்டுப் பெரியவனையும் அவன் சாமான்களையும் உள்ளே வைத்தது. அவன் அதற்குள் உட்கார்ந்து நிம்மதியாக அடுக்குவான். பாப்பா வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கும். கொஞ்ச நாளில் உள்ளேயிருந்து பெரிய துண்டுகளாகப் பார்த்து ஒவ்வொன்றாக வெளியே நீட்ட ஆரம்பித்தான்.